மிதிவெடி நிலத்தில் போதித்த பெண்கள்

போர்களின் வரலாற்றைக் கடைசிச் சண்டை நடந்த நாளோடு முடித்துவிடுவது நம் வழக்கம். இலங்கைப் போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது என்று நாமும் எழுதுகிறோம். ஆயினும் அதன்பின் மண்ணுக்குள் காத்திருந்த போரைப் பற்றியும், அதைக் குறித்து ஊர்தோறும் எச்சரித்த பெண்களைப் பற்றியும் நம் ஏடுகளில் அதிகம் காணோம்.

சேர்வராயன் மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் பாறை பிளக்க வைக்கும் வெடிக்கு நேரமும் முன்னறிவிப்பும் உண்டு. மிதிவெடிக்கு இவ்விரண்டும் இல்லை. படைவீரனின் காலையும் விறகு பொறுக்கும் சிறுமியின் காலையும் அது பிரித்தறியாது. இலங்கையில் இரு தரப்பாரும் அதைப் புதைத்தனர். அரசப் படையினர் பயன்படுத்திய பாகிஸ்தானியத் தயாரிப்பான பி-4 பிளாஸ்டிக்கால் ஆனது. உலோகம் மிகக் குறைவாதலின் கருவிக்கு எளிதில் அகப்படாது. விடுதலைப் புலிகள் தாமே செய்த 'ஜொனி 95' மரப்பெட்டிக்குள் அமைந்தது. முன்னரங்காயிருந்த முகமாலை, உலகின் பெரிய மிதிவெடி வயல்களுள் ஒன்றாயிற்று.

2002 பெப்ரவரி போர்நிறுத்தத்தின்பின் மக்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, யுனிசெப் ஆதரவுடன் மிதிவெடி அபாயக் கல்வி பரவிற்று. 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்தனர். அங்கும் இக்கல்வி அளிக்கப்பட்டது. தொடாதே, நெருங்காதே, அறிவி என்னும் மூன்று சொற்களில் அதன் சாரம் அடங்கும். தவறி உள்ளே சென்றவர் அசையாது நின்று உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும்.

இப்பணியில் பெண்கள் பலர் ஈடுபட்டனர். அதற்குக் காரணம் உண்டு. கணவரை இழந்தோ பிரிந்தோ குடும்பத்தைத் தாங்கியவர்கள் வன்னியில் ஏராளம். கிணறு இறைப்பதும் விறகு தேடுவதும் பிள்ளைகளைக் காப்பதும் அவர்கள் பொறுப்பே. சீருடையாளரைக் கண்டு அஞ்சிய வீட்டின் அடுப்படி வரை ஒரு பெண் செல்ல முடிந்தது. வேறு பெண்கள் ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ் ஆகிய நிறுவனங்களில் சேர்ந்து, முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாக நிலத்தைத் துப்புரவாக்கினர்.

ஆயினும் எச்சரிப்பு மட்டும் போதுமா? பழைய இரும்பு பொறுக்கி விற்றால்தான் அன்றைய உலை கொதிக்கும் என்னும் குடும்பத்தினிடம், 'தொடாதே' என்று எவ்வாறு சொல்வது? பசித்தவன் ஆபத்தை அறியாமல் அல்ல, அறிந்தே அடியெடுத்து வைக்கிறான். எனவே துப்புரவான நிலமும் பிழைப்புக்கு வழியும் இன்றி இக்கல்வி நிறைவு பெறாது. போதிக்கும் பணியை ஏற்ற நாமும் இதைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உலக அளவில், மிதிவெடித் தடை உடன்படிக்கை 1997இல் ஒட்டாவாவில் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸ் என்னும் பெண்மணிக்கும் அவ்வாண்டே நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இலங்கை 2017 டிசம்பரில்தான் அதில் இணைந்தது. பரிசு பெற்றவரின் பெயர் ஏட்டில் நிற்கிறது. வன்னியில் படம் விரித்துப் பாடம் சொன்னவளின் பெயர் நிற்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் நம்மோடு ஒரே உடலாயிருப்பது. நம் சேலம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து ஊர் திரும்ப எண்ணுவோருக்கு, பிறந்த மண்ணே அறியாத மண்ணாகியிருக்கக் கூடும். அவர்களைச் சந்திக்கும் ஆயர், வழியனுப்பும் செபத்தோடு இம்மூன்று சொற்களையும் சொல்லி அனுப்புவாராக.