மஞ்சள் காகிதம் பொழிந்த வீதி

ஓசூர் சிப்காட் பகுதியில் பணிபுரியும் எங்கள் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை காகிதம் வெட்டும் வேலை வந்து சேரும். ஒன்று ஆயுத பூசை. மற்றது ஆண்டிறுதி விழா. ஆயுத பூசைக்கு யோசனையே தேவையில்லை. எந்திரத்தைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாவிலையும் வண்ணத்தாள் தோரணமும் கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தால் முடிந்தது. ஆண்டிறுதி விழா அப்படியல்ல. அதற்கு மேலிடத்திலிருந்து ஒரு 'தீம்' வரும். அந்தத் தீமுக்கு ஏற்ப அலுவலகத்தை ஒரே மாலைப் பொழுதில் வேறோர் உலகமாக்கியாக வேண்டும்.

2022 டிசம்பரில் நண்பர் ஒருவரின் நிறுவனத்தில் அறிவிக்கப்பட்ட தீம் 'உலக நாடுகள்'. சீட்டுக் குலுக்கியதில் அவருடைய பிரிவுக்கு பிலிப்பைன்ஸ் விழுந்தது. அந்தப் பிரிவுக்குப் பயிற்சியளிக்க மணிலாவிலிருந்து வந்திருந்த பொறியாளர் ஒருவர் அங்கிருந்தது நல்லூழ். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். அலங்காரப் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். உதவிக்கு ஆள் வேண்டும் என்று நண்பர் அழைத்ததால் எங்களில் சிலரும் அவருடைய வாடகை வீட்டில் இரண்டு மாலைகள் மூங்கில் சீவினோம்.

அவர் செய்ய விரும்பியது 'பரோல்' என்னும் நட்சத்திர விளக்கு. மூங்கில் குச்சிகளால் ஒரே அளவில் இரண்டு ஐந்துமுனை நட்சத்திரங்களைக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளைப் பிணைத்து, நடுவே சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் வயிறு புடைத்து நிற்கும். மேலே மெல்லிய தாளை ஒட்டி, கீழ்முனைகளில் குஞ்சம் தொங்கவிட வேண்டும். நம் ஊர்க் கிறித்தவர்கள் மார்கழியில் வாசலில் கட்டும் நட்சத்திரத்தின் நெருங்கிய உறவு அது. பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் காலம் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுவதால் அது மாதக்கணக்கில் தெருவை ஆள்கிறது என்றார்.

சிக்கல் நிறத்தில் வந்தது. எங்கள் இளைய நண்பர் பட்டக் காகிதத்தில் நல்ல மஞ்சளாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கி வந்திருந்தார். மனிதர் அதைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, "மஞ்சள் மட்டும் வேண்டாம் சார்" என்றார். மங்கலமான நிறம் வேண்டாமென்று ஒருவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன காரணமும், அதன் பிறகு நாங்கள் தேடிப் படித்தவையுமே இக்கட்டுரை.

பெர்டினாண்ட் மார்கோஸ் 1965இல் அதிபரானார். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டத்தை அறிவித்து நாட்டைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தார். எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ உடனே சிறை வைக்கப்பட்டார். ஏழு ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தவரை 1980இல் இதய அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா செல்ல அனுமதித்தனர். மூன்றாண்டுகள் அங்கே வாழ்ந்தபின், ஆபத்து தெரிந்தே 1983 ஆகஸ்ட் 21 அன்று மணிலாவுக்குத் திரும்பினார். சிறையிலிருந்து வீடு திரும்பும் ஒருவனுக்காக மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டி வைப்பதைப் பற்றிய அமெரிக்கப் பாடல் ஒன்று 1973 முதல் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நினைவில் வைத்து ஆதரவாளர்கள் வரவேற்புக்கு மஞ்சள் ரிப்பன்களைக் கட்டியிருந்தார்கள். விமானத்திலிருந்து ராணுவத்தினர் அழைத்துச் சென்ற சில நொடிகளில் அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டார். வரவேற்புக்குக் கட்டிய அலங்காரம் துக்கத்தின் அடையாளமாயிற்று. பிலிப்பைன்ஸ் அரசியலில் மஞ்சள் நுழைந்தது இப்படித்தான்.

ஆகஸ்ட் 31 அன்று நடந்த இறுதி ஊர்வலம் இடுகாட்டை அடையப் பதினொரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. இருபது லட்சம் பேர்வரை திரண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆனால் அடுத்து நிகழ்ந்ததே எங்களை அதிகம் ஈர்த்தது. மணிலாவை அடுத்த மக்காட்டி, வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் பெருங்குழுமங்களின் தலைமையகங்களும் நிறைந்த வணிகப் பகுதி. அரசியல் என்றால் மாணவர்களும் தொழிற்சங்கத்தாரும் செய்வது என்று ஒதுங்கியிருந்த கணக்கர்களும் தட்டச்சர்களும் மேலாளர்களும் அங்கேதான் இருந்தார்கள். செப்டம்பரில் அயாலா வீதியில் ஊர்வலங்கள் தொடங்கியபோது, இருபுறமும் நின்ற உயர்ந்த கட்டடங்களின் சன்னல்கள் திறந்தன. மஞ்சள் காகிதத் துணுக்குகள் மழையாக இறங்கின.

அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது? தொலைபேசி விவரப் புத்தகத்தில் வணிக நிறுவனங்களைப் பட்டியலிடும் பகுதி மஞ்சள் தாளில் அச்சிடப்படும் வழக்கம் வாசகர்கள் அறிந்ததே. ஒவ்வொரு மேசையிலும் அது இருந்தது. அதைக் கிழித்தார்கள், வெட்டினார்கள், ஆவணங்களை நறுக்கும் எந்திரத்திலும் கொடுத்தார்கள். ஊர்வலத்துக்குக் கூட இறங்கிவர அஞ்சியவர்களுக்கு அது ஒரு வழி. சன்னலோரம் நிற்பவரின் முகம் கீழே தெரியாது. காகிதம் மட்டும் தெரியும். இரண்டு கட்டடங்களில் தொடங்கியது இருபது கட்டடங்களுக்குப் பரவும்போது, ஒவ்வொருவரும் தாம் தனியாக இல்லை என்பதைக் கண்ணால் கண்டுகொண்டார்கள். நம் பொறியாளரின் அக்கா அப்போது அங்கே ஒரு வங்கியில் தட்டச்சர். வீட்டுக்கு வரும்போது அவருடைய கூந்தலில் மஞ்சள் துணுக்குகள் சிக்கியிருக்கும் என்றும், அம்மா அவற்றைப் பயத்தோடு எடுத்துப் போடுவார் என்றும் சொன்னார். அவருக்கு அப்போது பதினைந்து வயது.

உணர்ச்சி மட்டுமே இதற்குக் காரணம் என்றால் வரலாறு முழுமையாகாது. நாட்டின் வெளிக்கடன் அப்போது ஏறத்தாழ 2,500 கோடி டாலர். 1983 அக்டோபரில் பேசோவின் மதிப்பு குறைக்கப்பட்டது. கடன் தவணைகளைக் கட்ட இயலாதென அரசே அறிவித்தது. மாதச் சம்பளக்காரரின் கையில் இருந்த பணம் கரைந்தது. அலுவலகக் கட்டடங்களின் சன்னல்களைத் திறந்ததில் துக்கத்துக்கும் பங்குண்டு, விலைவாசிக்கும் பங்குண்டு.

அலுவலக ஊழியர்கள் வரலாற்றைத் தொட்ட இன்னொரு தருணமும் உண்டு. 1986 பிப்ரவரி 7 அன்று நடந்த அவசரத் தேர்தலில் மார்கோஸை எதிர்த்து நின்றவர், கொல்லப்பட்டவரின் மனைவி கொரசோன் அக்கினோ. இரு நாட்கள் கழித்து, தேர்தல் ஆணையத்தின் கணினிகளில் எண்களைப் பதிவுசெய்துகொண்டிருந்த முப்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்கள், தாங்கள் பதிவுசெய்த எண்களும் அறிவிப்புப் பலகையில் தோன்றும் எண்களும் வேறுபடுவதைக் கண்டு, வட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பெரும்பாலோர் பெண்கள். அன்றிரவு ஒரு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். பிப்ரவரி 22 முதல் 25 வரை எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் டாங்கிகளின் முன் அமர்ந்தார்கள். 25 அன்று மார்கோஸ் நாட்டைவிட்டு வெளியேறினார்.

அதே ஆண்டுகளில் நம் ஓசூர் எப்படியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தோம். சிப்காட் வளாகத்தில் அசோக் லேலண்ட் ஆலை 1980இல் வந்தது. டி.வி.எஸ். 50 அதே ஆண்டு சாலைக்கு வந்தது. டாட்டாவும் டிட்கோவும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன், கைக்கடிகார ஆலையை இங்கே அமைத்தது. மானாவாரி ராகியும் கொள்ளும் விளைந்த மேட்டுநிலத்தில் ஷிப்டு சங்கு ஒலிக்கத் தொடங்கியது. மணிலாவில் சன்னல்கள் திறந்தபோது அந்நகருக்குத் தெற்கே லாஸ் பாஞோஸில், அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநராக இருந்தவர் நம் எம். எஸ். சுவாமிநாதன், 1982 முதல் 1988 வரை அப்பொறுப்பில் இருந்தார். அங்கே உருவாகி 1966இல் வெளியான ஐ.ஆர். 8 நெல் நம் தஞ்சை வயல்கள்வரை வந்திருந்தது. அந்த நெல்லை 'அதிசய அரிசி' என்று தேர்தல் மேடைகளில் கொண்டாடியவர்களில் மார்கோஸும் ஒருவர்.

உறவு அதற்கும் முந்தையது. 1762 ஆகஸ்டில் ஓர் ஆங்கிலேயப் படை சென்னையிலிருந்து கப்பலேறி மணிலாவைப் பிடித்தது. அதில் சென்னைச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது சிலர் திரும்பாமல் கைந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே உண்டு. மூன்றே ஆண்டுகளில், 1767இல் தொடங்கிய முதல் மைசூர்ப் போரில், அதே சென்னை ராணுவம் நம் கிருஷ்ணகிரிக் கோட்டையின் அடிவாரத்துக்கு வந்தது. இதைச் சொன்னபோது பொறியாளர் முதன்முறையாகச் சிரித்தார். கைந்தா அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவாம்.

இனி அவருடைய மனக்கசப்புக்கு வருவோம். கொரசோன் 1992வரை ஆண்டார். நிலச் சீர்திருத்தம் அரைகுறையாக நின்றது. அவருடைய குடும்பத்தின் கரும்புப் பண்ணையே அந்த அரைகுறைத்தனத்தின் சான்றாகப் பேசப்பட்டது. பழைய குடும்பங்கள் போய் வேறு பழைய குடும்பங்கள் வந்தன. 2009 ஆகஸ்டில் கொரசோன் மறைந்தபோது அயாலா வீதியில் மீண்டும் மஞ்சள் காகிதம் பொழிந்தது; அந்த அலையில் மகன் 2010இல் அதிபரானார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் மஞ்சள் ஒரு கட்சியின் நிறமாகச் சுருங்கி, 'திலாவன்', அதாவது மஞ்சள்காரன், என்பது வசைச்சொல்லாயிற்று. 1989இல் ஹவாயில் இறந்த மார்கோஸின் உடல் 2016 நவம்பரில் மாவீரர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 9 அன்று அவருடைய மகன் மூன்று கோடிக்கும் அதிகமான வாக்குகள் பெற்று அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எங்களுடன் மூங்கில் சீவிய மாலை, அந்தத் தேர்தல் முடிந்து ஏழே மாதம். "என் அக்கா வெட்டிய காகிதத்துக்கு என்ன பொருள் சார்?" என்று கேட்டார். அவருடைய பிள்ளைகளில் ஒருவரே மார்கோஸ் மகனுக்கு வாக்களித்தாராம். விழாப் படங்கள் ஊருக்குப் போகும், மஞ்சளைப் பார்த்தால் ஒரு சாரார் ஏசுவார்கள், மறுசாரார் தம் ஆள் என்று தழுவுவார்கள், இரண்டும் வேண்டாம் என்றார்.

நாங்கள் விடை சொல்லவில்லை. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு நிறங்களின் சுமை தெரியும். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பேருந்துகள் நின்றுபோக, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிவரை மூட்டைகளோடு மனிதர்கள் நடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். வண்டியில் ஒட்டிய கொடியின் நிறம் ஒருவனைக் காக்கவும் செய்தது, காட்டிக் கொடுக்கவும் செய்தது. அடுத்த மாதமே, எல்லைக்கு இருபுறமும் ஆயுத பூசைக்கு ஒரே தோட்டத்துச் சாமந்திதான் கட்டப்பட்டது.

அலங்காரத்தை வீண் செலவு என்று ஒதுக்குவது அறிவாளிகளின் பழைய வழக்கம். ஹொசே ரிசாலின் 'நோலி மீ தாங்கரே' நாவலிலும் (1887) ஊர்த் திருவிழாவின் ஆடம்பரத்தை முகம் சுளித்துப் பார்க்கும் முதிய சிந்தனையாளர் ஒருவர் வருகிறார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் மக்காட்டி ஊழியர்கள் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டம் தீட்டியவர்கள் அல்லர். பயந்த மனிதர் ஒருவரால் ஒரு பகல்பொழுதில் செய்யக்கூடியதைச் செய்தார்கள். அது பயத்தைக் குறைத்தது. அதற்கு மேலானதை, நிலத்தையும் கடனையும் குடும்பங்களின் பிடியையும், காகிதத்திடம் எதிர்பார்த்தது காகிதத்தின் குற்றமன்று. அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர்கள் பதவியில் இருந்தார்கள். இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். அன்று எங்களுக்கு இந்தத் தெளிவு இல்லை.

நட்சத்திரத்துக்கு இறுதியில் வெள்ளைத் தாள் ஒட்டினோம், குஞ்சம் சிவப்பு. பரிசு வேறு பிரிவுக்குப் போயிற்று. மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர்கள் மற்ற நாடுகளையெல்லாம் கூட்டிப் பெருக்கியபோது, அவர் அந்த விளக்கை மட்டும் கழற்றி வாயில் காவலரின் மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

2025 செப்டம்பர் 21 அன்று, ராணுவச் சட்டத்தின் நினைவு நாளில், வெள்ளத் தடுப்புத் திட்டங்களில் நடந்த ஊழலுக்கு எதிராக மணிலாவில் மக்கள் பெருந்திரளாகக் கூடிய செய்தி வந்தது. எட்சா நினைவிடத்திலும் கூட்டம். பலர் வெள்ளை உடுத்தி, வெள்ளை ரிப்பன் அணிந்திருந்தார்கள். படங்களை வட்டத்தில் பகிர்ந்துகொண்டோம். அந்த மஞ்சள் தாள் கட்டு மட்டும் எங்கள் நூலக அலமாரியின் மேல்தட்டில் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.