பூட்டும் சாட்சியும்: வாக்கு இயந்திரத்தின் கதை

பூட்டு திருடனுக்குத்தான். சாவி வைத்திருப்பவர் மீதே சந்தேகம் வந்தால்? இந்தியாவின் வாக்கு இயந்திரத்தை 40 வருடங்களுக்கு மேலாகத் துரத்தி வரும் கேள்வி இது. நுகேகொடையில் இன்னும் கடதாசியில் புள்ளடி போடும் எங்களுக்கும் அதில் பாடம் உண்டு.

1982 மே மாதம் கேரளத்தின் பறவூர் தொகுதியில், 50 வாக்குச் சாவடிகளில் அந்த இயந்திரம் முதன்முதலாக வந்தது. சிவன் பிள்ளை 123 வாக்குகளால் வென்றார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுபடி வாக்கெடுத்தபோது ஜோஸ் வென்றார். 1989இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 பொதுத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில்தான் நடந்தது.

அதை உருவாக்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பொறியியலாளர்களுள் எழுத்தாளர் சுஜாதா முக்கியமானவர். தமிழ் படித்த நாங்கள் அவரைக் கதைகளால் மட்டுமே அறிந்திருந்தோம்.

இயந்திரம் இருப்பது அதைப் பயன்படுத்தும் அதிகாரிகளின் கையில். ஆகவே மென்பொருளை ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய சில்லில் பதித்தார்கள். 2010இல் ஹைதராபாத்தின் ஹரி பிரசாத், அமெரிக்காவின் ஹால்டர்மேன், நெதர்லாந்தின் கோங்கிரிப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைத் திறந்து காட்டினார்கள். மென்பொருளை அவர்கள் தொடவேயில்லை. முடிவைக் காட்டும் பலகையை மாற்றினார்கள். வாக்குகள் பதிவான நினைவகத்தில் சிறு கருவியொன்றைக் கவ்வ வைத்து எண்ணிக்கையை மாற்றினார்கள். பூட்டு உடையவில்லை, கணக்கு மாறிவிட்டது! இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டு ஹரி பிரசாத்தைப் பொலிஸ் கைது செய்தது.

2013இல் உச்ச நீதிமன்றம் கடதாசிச் சாட்சியைக் கட்டளையிட்டது. இப்போது வாக்காளர் தன் தெரிவு அச்சான சீட்டை 7 விநாடி கண்ணாடி வழியே பார்க்கிறார். அது பெட்டிக்குள் விழுகிறது.

கடதாசி என்றால் மட்டும் போதுமா? அதே 1982 டிசம்பர் 22இல் இங்கு நடந்த சர்வசன வாக்கெடுப்பை, விளக்குக்கும் குடத்துக்கும் புள்ளடி போட்டதை, பெரியவர்கள் மறக்கவில்லை. ஆள்மாறாட்டமும் மிரட்டலும் அன்று சீட்டுகளோடுதான் நடந்தன. சீட்டு இருந்தது, அதைக் காக்கச் சாட்சிகள் இல்லை.

கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் சூரா பகராவின் 282ஆம் வசனம் சொல்கிறது. எழுத்தும் சாட்சியும் அங்கே சேர்ந்தே வருகின்றன. நாளை இலத்திரனியல் வாக்களிப்பு இங்கு வருமானால், சிதறி வாழும் சிறுபான்மையினரான நாங்கள் இயந்திரம் நல்லதா கெட்டதா என்று வாதாடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. எண்ணிக்கையைச் சரிபார்க்கத் தனிச் சீட்டு உண்டா, எண்ணும்போது எங்கட ஆட்களும் அருகில் நிற்கலாமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.