அரிசியும் மதுவும்: மூளைநோய் ஒன்றின் மலாயா வரலாறு

மிகுகுடி மூளையைச் சிதைக்கும் என்பது யாவரும் அறிந்ததே. அச்சிதைவு எவ்வாறு நிகழ்கிறது என்பதற்கான விடையின் முக்கியமான ஒரு பகுதி, மதுவை ஆராய்ந்தவர்களிடமிருந்தன்றி, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சோற்றை ஆராய்ந்தவர்களிடமிருந்து கிடைத்தது. அவ்வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது.

1881ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண்ணசைவு முடக்கம், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை அவர்களிடம் ஒருங்கே காணப்பட்டன, மூவரும் இறந்தனர். இருவர் பெருங்குடியர். மூன்றாமவரோ கந்தக அமிலத்தை விழுங்கியபின் உடல் நலிந்த இளம்பெண். 1887இல் மாஸ்கோவைச் சேர்ந்த செர்கே கோர்சகோவ், குடியரிடம் பெரிதும் காணப்பட்ட ஒரு மறதிநோயை விவரித்தார். அந்நோயாளிகள் அண்மை நிகழ்ச்சிகளை மறந்து, அவ்விடைவெளியை நிகழாதவற்றால் நிரப்பினர். இவ்விரண்டும் ஒரே நோயின் இருநிலைகள் என்பது பின்னர்த் தெளிந்தது. மதுவின் நச்சுத்தன்மையே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் வலுவாக இருந்தது; அமிலம் விழுங்கிய பெண்ணின் நோய்க்கு அதில் விளக்கமில்லை.

அக்காலத்தில் மலாயாவைப் பெரிபெரி நோய் வாட்டியது. சீனத் தொழிலாளர் பெருமளவில் மாண்டனர். தமிழர் பெரும்பாலும் தப்பினர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லியோனார்ட் பிராடன், இவ்வேறுபாட்டுக்குக் காரணம் அரிசியே என 1907இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பச்சரிசியில் நஞ்சு உண்டாவதாக அவர் கருதியது பிழையெனினும், வேறுபாட்டைச் சரியாகக் கண்டார். அதே ஆண்டில் வில்லியம் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் தாம் நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார். பச்சரிசி உண்ட பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட பிரிவில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. ஒப்புதல் தர இயலாதோர்மீது இச்சோதனை நடத்தப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. அதனால் தீட்டிய பின்னும் ஒரு பங்கு எஞ்சுகிறது.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியரின் போர்க்கைதிகளுக்குத் தீட்டிய அரிசியே முதன்மை உணவாயிற்று. சில வாரங்களில் வெர்னிக்கே விவரித்த அறிகுறிகள் அவர்களிடையே தோன்றின. குடியை அதற்குக் காரணமாகக் கூற இயலாது. கைதிகளாகவே இருந்த மருத்துவர்கள் டி வார்டனரும் லெனாக்ஸும் 52 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளை 1947இல் வெளியிட்டனர். தயமின் பெற்றவர் பலர் தேறினர். அறுபதாண்டுப் புதிருக்கு விடை கிடைத்தது.

மூளை குளுக்கோசிலிருந்து ஆற்றல் பெறத் தயமின் இன்றியமையாதது. பெருங்குடியர் உணவைக் குறைக்கின்றனர். மதுவோ குடல் தயமினை உறிஞ்சுவதையும் ஈரல் அதனைச் சேமிப்பதையும் தடுக்கிறது. மது மூளையை நேரடியாகவும் தாக்கும் என்பது உண்மையே. எனினும் நினைவை அழிக்கும் இந்நோயின் வேர் தயமின் பற்றாக்குறையே. புழுங்கலரிசி தமிழர்க்குத் தந்த காப்பையும் மிகுகுடி பறித்துவிடும்.

இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. குடியரின் தள்ளாட்டத்தைப் போதை என்றும், அவர் புனைந்துரைப்பதைப் பொய் என்றும் ஒதுக்குவது நம்மிடையே வழக்கம். அவை நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். காலத்தே ஊசிவழித் தயமின் செலுத்தினால் பலரைக் காக்க இயலும். தாழ்த்தினால் இழந்த நினைவு பெரும்பாலும் முழுமையாக மீள்வதில்லை. மதுவின் தீமையைக் கற்பிக்கும் ஆசிரியர் இதனையும் சேர்த்துக் கற்பித்தல் தகும்.