குடியரசுத் தலைவரின் ஒப்புதல் (இந்தியா)

நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதா சட்டமாவதற்குக் குடியரசுத் தலைவர் தரும் இசைவு. அரசியலமைப்பின் 111ஆவது பிரிவின்படி அவர் கையெழுத்திடலாம், மறுக்கலாம், பண மசோதா அல்லாதவற்றை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். அவைகள் மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் மறுக்க வழியில்லை. அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களில் மறுக்கவோ திருப்பி அனுப்பவோ முடியாது. 1971இல் வந்த 24ஆவது திருத்தம் ஒப்புதலைக் கட்டாயமாக்கிவிட்டது.

இந்த அதிகாரத்தின் வேர், கவர்னர் ஜெனரல் மன்னர் பெயரால் ஒப்புதல் தந்த 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருக்கிறது. அரசியலமைப்பு வரைவில், திருப்பி அனுப்புவதற்கு ஆறு வாரக் கெடு இருந்தது. 1949இல் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தத்தால் கெடு போய், 'இயன்றவரை விரைவில்' என்ற சொற்கள் வந்தன. பின்னாளைய சிக்கல்கள் பல இங்கேதான் கிளைத்தன. அமெரிக்க அதிபருக்கு ஞாயிறு நீங்கலாகப் பத்தே நாள். டெல்லியில் அப்படி எந்தக் கணக்கும் இல்லை.

குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 1954இல் பெப்சு மாநில நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்தார். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியபின் அங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி முடிந்துபோயிருந்ததால் அதில் பரபரப்பு ஏதுமில்லை. பரபரப்பு 1986இல் வந்தது. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் அஞ்சலக (திருத்த) மசோதாவை ராஜீவ் காந்தி அரசு நிறைவேற்றி அனுப்பியது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடவில்லை, மறுக்கவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை, கிடப்பில் போட்டார். அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்குக் கைகொடுத்தது அந்தக் கெடுவின்மைதான். அடுத்து வந்த ஆர். வெங்கட்ராமன் 1990இல் அதைத் திருப்பி அனுப்பினார். 2002இல் அரசே மசோதாவைத் திரும்பப் பெற்றது.

வெங்கட்ராமன் 1991இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதிய, ஓய்வூதிய மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். அதற்கு முன்கூட்டியே பெற வேண்டிய அவரது பரிந்துரை பெறப்படவில்லை. அப்துல் கலாம் 2006 மே மாதம் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அவைகள் மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றவே, ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

மாநில மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கென ஒதுக்கிவைத்தால் 201ஆவது பிரிவு பொருந்தும். அவை மீண்டும் நிறைவேறினாலும் ஒப்புதல் கட்டாயமில்லை. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரி 2017இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்கள் இவ்வழியில்தான் மறுக்கப்பட்டன. ஆளுநருக்கு எதிராகத் தமிழக அரசு தொடுத்த வேறொரு வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், ஆளுநர் ஒதுக்கிவைக்கும் மசோதாக்கள்மீது குடியரசுத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றனர். திரௌபதி முர்மு 143ஆவது பிரிவின்கீழ் 14 கேள்விகளை அனுப்பி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பரில் கருத்துரைத்தது.