பழைய மகிழுந்தின் குளிரூட்டி சொல்லும் வரலாறு



1985ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா மகிழுந்து சாலைக்கு வந்தது. அதே ஆண்டில்தான் அண்டார்க்டிகா வானில் ஓசோன் படலம் மெலிந்துள்ளதை அறிவியலாளர்கள் உலகிற்கு அறிவித்தனர். அக்கால மகிழுந்துகளின் குளிரூட்டிகளில் நிரப்பப்பட்டது ஆர்-12 வாயு. கசிந்த அவ்வாயு மேலே சென்று ஓசோனை அழித்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1989இல் மலேசியாவும் இணைந்தது. வளரும் நாடுகளிலும் 2010க்குள் ஆர்-12 கைவிடப்பட்டது.

எனவே, இன்று ஸ்ரீ கெம்பாங்கானில் அத்தகைய பழைய மகிழுந்தைப் பட்டறைக்குக் கொண்டு செல்வோர் ஆர்-134ஏ வாயுவுக்கு மாறுவதே வழக்கம். வாயுவை மட்டும் மாற்றினால் போதாது. பழைய கனிம எண்ணெய் புதிய வாயுவோடு கலவாது. கம்ப்ரசர் உயவின்றித் தேய்ந்துவிடும். எண்ணெயையும் ரப்பர் வளையங்களையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் மாற்ற வேண்டும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவது வீண்செலவு மட்டுமன்று. ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்காவிடினும் புவியை வெப்பமாக்கும்.

ஓசோன் படலம் இன்று மெல்ல மீண்டு வருகிறது. செப்டம்பர் 16, உலக ஓசோன் நாள். அன்று இவ்வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். மனிதர் செய்த பிழையை மனிதரே திருத்த முடியும் என்பதை அவர்கள் அறியட்டும்.