இரண்டு தோட்டாவும் சில சித்திரங்களும்

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பிள்ளை வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் பாதி உண்மை இருந்தாலே அதிகம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கியதும் எலும்பு முறிவுகூடச் சிராய்ப்பாகிவிடும். அதனால், முதல் உலகப் போரில் அடிபட்ட இரண்டு இந்திய விமானிகளை ஒப்பிடும்போது கடிதங்களைவிட அவர்கள் வைத்துவிட்டுப் போன மற்றதைத்தான் நம்புகிறேன்.

ராவல்பிண்டிக்காரரான ஹர்தித் சிங் மாலிக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். தலைப்பாகைக்கு மேலே மாட்டத் தனியாக ஹெல்மெட் செய்துகொண்டு பறந்தவர். 1917 அக்டோபர் 26 அன்று ஜெர்மன் விமானங்கள் சுட்டதில் காலில் இரண்டு தோட்டா பாய்ந்தது. அவருடைய கேமல் விமானத்தில் 400-க்கும் மேல் ஓட்டை. பிழைத்தார், தோட்டாக்களை எடுக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 6 அன்று, கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் விழுந்தான். அன்று அவனுக்கு 19 வயது நிறைந்து நான்கே நாள். பிணவறையில் போட்டுவிட்டார்கள், உள்ளேயிருந்து கதவைத் தட்டினான் என்று ஒரு கதை உண்டு. கதை கிடக்கட்டும். உடம்பு தேறிவந்த அந்த மாதங்களில் அவன் படம் வரைந்தான். கட்டிலையோ கட்டையோ அல்ல, விமானங்களை! பல படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு தாய்க்கு இதைவிடக் கலவரமான கடிதம் வேறென்ன வேண்டும்? பிள்ளையின் மனசு எங்கே இருக்கிறது என்பதை அந்த இறக்கைகளே சொல்லிவிடும். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் சொல்லியும் விடாமல் மன்றாடித் திரும்பினான். 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். 22-ஆம் தேதி பிரான்சில் சுட்டு வீழ்த்தப்பட்டான்.

மாலிக்குக்குச் சொல்லக் காலம் வாய்த்தது. ஐசிஎஸ் அதிகாரி, கனடாவில் இந்தியாவின் முதல் ஹை கமிஷனர், பிரான்சில் தூதர் என்று வாழ்ந்து தன் வரலாறும் எழுதினார். அது அவர் மறைந்த பிறகே அச்சேறியது. வீடு திரும்பியவர் எழுதிய நினைவு அது. எப்படியும் நிதானம் வந்துவிடும். ராயின் படங்களில் அந்த நிதானம் இல்லை. என் தராசில் அவையே கனம்.

மாலிக்கின் வீட்டு முகவரியோ 1947-இல் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவர் 1985-இல் டெல்லியில் இறந்தபோது அந்த இரண்டு தோட்டாவும் காலிலேயே இருந்தன.