மறுப்புரை எழுதிய ஜமீன்தார்

1842இல் சாயர்புரத்தில் குருமடம் தொடங்கிய ஜி. யு. போப், முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்து 1908இல் மறைந்தார். அதே ஆக்ஸ்போர்டில் வாடம் கல்லூரியில் பயின்ற தமிழர் ஒருவரை நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்தாம் திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.

1889இல் பிறந்த அவர், 1926 டிசம்பரில் எக்கட்சியையும் சாராமல் சென்னை மாகாண முதல் அமைச்சரானார். இரட்டையாட்சிக் காலம் அது. நிதியும் காவலும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. ஆயினும் அரசுப் பணிகளில் வகுப்புவாரிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது, அவருடைய சகா எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால், அவர் ஆட்சியில்தான்.

பதவி போன பிறகு அவர் செய்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். கமுதிக் கோயிலில் நுழைந்த நாடார்கள் மீது இராமநாதபுரம் ஜமீன் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்கள் தோற்றதைத் தென்பாண்டிச் சீமை மறக்கவில்லை. கோயில் வாசலை அடைக்க ஒரு ஜமீன் வழக்காடிய இதே மாகாணத்தில், அதைத் திறக்கச் சட்டம் கேட்டு 1932இல் மசோதா கொண்டுவந்தார் இன்னொரு ஜமீன்தார். காந்தியடிகள் ஆதரித்தும், வைசிராய் 1933 ஜனவரியில் அனுமதி மறுத்துவிட்டார்.

முதல் அமைச்சராக இருந்தவர், 1937இல் இராஜாஜியின் கீழ் கல்வி, சட்ட அமைச்சராக அமர்ந்தார். 1947இல் ஓமந்தூராரின் கீழ் உள்துறை அமைச்சரானார். பழைய பெருமை பார்க்காத அந்த மனம் அரிது. ஆனால் 1938இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமானபோது கல்வித்துறை அவர் கையில்தான் இருந்தது. அதை எதிர்த்துப் போராடிய நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர்விட்டார்கள். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க என்னால் இயலவில்லை.

அதனால்தான் 1956 எனக்கு முக்கியமாகப்படுகிறது. பி. ஜி. கெர் தலைமையிலான ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராயிருந்த சுப்பராயன், இந்தியை விரைந்து புகுத்துவதை ஏற்காமல் தனியே மறுப்புரை எழுதினார். அவரைப் போலவே மறுத்து எழுதியவர் வங்க மொழியியல் அறிஞர் சுனீதி குமார் சாட்டர்ஜி ஒருவரே. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தம் துறை செய்ததற்கு நேர் எதிரான நிலை இது. அதை அவர் அரசின் ஏட்டிலேயே பதித்தார்.

1959 முதல் நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறைகளைக் கவனித்தார். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராகி, அக்டோபரில் காலமானார். 1965க்குப் பிறகும் ஆங்கிலம் தொடர இடமளித்த ஆட்சிமொழிச் சட்டம் மறு ஆண்டு நிறைவேறியது.